1,230 ஆட்டம், ஒரு பழைய டிவி, மூன்று ஷிப்டு

இதை ஆரம்பித்து வைத்தது ஹார்ட்வேர் கடை தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், மகன்தான். சீனப் பள்ளியில் கூடைப்பந்து ஆடிய பையன், இப்போது அப்பா கடையில் குழாயும் ஆணியும் விற்கிறான். 2024 அக்டோபரில் பம்பு வாஷர் வாங்கப் போனபோது, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் சீசன் ஒன்றில் நடக்கிற எல்லா ஆட்டத்தையும் பார்த்த மனிதன் உலகத்தில் ஒருவன்கூட இருக்க முடியாது என்று சொன்னான். அவன் சொன்ன தோரணைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் முடியாது, நான் பார்த்துக் காட்டுகிறேன் என்றேன். தோற்றவர் டுரியான் வாங்கித் தர வேண்டும் என்று பேச்சு.

ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-லேயே பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், பலகையில் மட்டும்தான் அது. பக்கத்தில் இருக்கும் தென்னமரம் எஸ்டேட்டில்தான் 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் போடப்பட்டது. தென்னை பேரில் இருக்கிற இடத்தில் பனை. நான் ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டர். மூன்று ஷிப்டு, வாரத்துக்கு ஒன்று மாறும்: காலை 7 முதல் 3, மதியம் 3 முதல் 11, இரவு 11 முதல் 7. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு 7 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 7 மணி, நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் காலை 8 மணி, மார்ச்சில் மறுபடியும் 7. அதாவது இரவு ஷிப்டு முடித்துக் குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் பந்து மேலே போகும். இது எனக்காகவே போட்ட அட்டவணை மாதிரி இருக்கிறதே என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

முதலில் கணக்கு. 30 அணிகள், ஆளுக்கு 82 ஆட்டம், ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணி, ஆக 1,230. இந்த 82 என்பது 1967-68 சீசனிலிருந்து வருவது, ஆனால் எப்போதும் அப்படியே நடந்ததில்லை. 2011-12-இல் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தகராறு வந்து 66 ஆனது, 2020-21-இல் கொரோனாவால் 72. 2012-13-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்கு மறுநாள் நடக்க வேண்டிய ஆட்டத்தை ரத்து செய்து, பிறகு நடத்தவே இல்லை, அதனால் அந்த வருடம் 1,229. நான் எடுத்த 2024-25-க்கு முழுசாக 1,230. சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கிற பிளேஆஃப் சேர்க்கவில்லை. டிசம்பரில் லாஸ் வேகஸில் நடந்த என்பிஏ கோப்பை இறுதியாட்டமும் கணக்கில் கிடையாது, ஏனென்றால் அதை மட்டும் லீக்கே பட்டியலில் சேர்ப்பதில்லை. (பார்த்தேன். மில்வாக்கி ஜெயித்தது. நோட்டில் எழுத இடமில்லாமல் அட்டையில் எழுதினேன்.)

ஓர் ஆட்டம் பேருக்கு 48 நிமிடம். ஆனால் நேரலையில் உட்கார்ந்தால் சுமார் இரண்டேகால் மணி நேரம் போகும்: ஒவ்வோர் அணிக்கும் ஏழு டைம் அவுட், பாதியில் 15 நிமிட இடைவேளை, ஃப்ரீ த்ரோ, நடுவர்கள் திரையில் குனிந்து மறுபடி மறுபடி பார்க்கிற நேரம். 1,230-ஐ இரண்டேகாலால் பெருக்கினால் 2,767 மணி நேரம். சீசன் அக்டோபர் 22 முதல் ஏப்ரல் 13 வரை 174 நாள். நாளுக்குக் கிட்டத்தட்ட 16 மணி நேரம். மீதி எட்டு மணி நேரம் தூங்கலாம், சம்பளம் யார் கொடுப்பார் என்பது வேறு கதை.

அதிலும் இது எல்லாம் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால்தான். அப்படி நடக்காது. புதனும் வெள்ளியும் அவர்களுக்குப் பெரிய நாள், நமக்கு வியாழனும் சனியும் காலை, பத்துக்கு மேல் ஆட்டம் மூன்றரை மணி நேரத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நவம்பர் 4 அன்று 30 அணிகளும் ஆடின, 15 ஆட்டம், மறுநாள் தேர்தல் என்பதால் ஒன்றுகூட இல்லை. நேரலையில் எல்லாவற்றையும் பார்ப்பது என்பது எத்தனை திரை வாங்கினாலும் நடக்காத காரியம். இது எனக்கு முதல் வாரமே தெரிந்துபோனது. அதனால் விதியை இப்படி வைத்தேன்: தாமதமாகப் பார்க்கலாம், கடிகாரம் ஓடுகிற 48 நிமிடமும் கண்ணில் பட வேண்டும், கடிகாரம் நிற்கும்போது தாவலாம், முடிவு முன்கூட்டியே தெரிந்தால் அந்த ஆட்டம் செல்லாது.

சரி, டிவி.

வீட்டுக் கூடத்து டிவியில் அம்மா சீரியல். அதைத் தொட்டால் சோறு கிடைக்காது. பக்கத்து வீட்டு மாமா ஸ்டோரில் ஒரு 32 அங்குல எல்இடி டிவி இரண்டு வருடமாகத் தூசி பிடித்துக் கிடந்தது, சத்தம் வரும், படம் வராது. எடுத்துக்கோ தம்பி, ஏர் கோண்ட்டைக் கழுவிக் கொடு போதும் என்றார். படம் வராத டிவி என்றால் உடனே பேனல் போச்சு என்று குப்பையில் போட வேண்டாம். அறையை இருட்டாக்கி, டிவியை ஆன் செய்து, டார்ச்சைத் திரையில் சாய்வாக ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக மெனு எழுத்து தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, பின்னால் வெளிச்சம் கொடுக்கிற விளக்குப் பட்டைதான் போயிருக்கிறது. எனக்குத் தெரிந்தது.

மெத்தைமேல் போர்வை விரித்துத் திரையைக் கவிழ்த்துப் போட்டேன். பின்மூடி, போர்டு, அப்புறம் பேனலுக்குப் போகிற மெல்லிய ரிப்பன். அந்த ரிப்பன் கிழிந்தால் கதை முடிந்தது, அதற்கு மட்டும் அவசரமே கூடாது. பேனலைத் தூக்கி வைத்தால் உள்ளே மூன்று வெள்ளைத் தாள்கள், ஒன்றுக்கொன்று வேறு மாதிரி. எந்தத் தாள் எந்த வரிசை, எந்தப் பக்கம் மேலே என்று மூலையில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். அதற்குக் கீழே மூன்று பட்டை, ஒவ்வொன்றிலும் குண்டுமணி மாதிரி விளக்கு, மேலே பிளாஸ்டிக் மூடி. நடுப்பட்டையில் நான்காவது விளக்கு மட்டும் கருகி மிளகு போலிருந்தது. எல்லாம் தொடராக இணைந்தவை, ஒன்று செத்தால் மொத்தமும் இருட்டு.

ஆன்லைனில் நீளமும் விளக்கு எண்ணிக்கையும் பார்த்து 40 வெள்ளிக்கு (ரிங்கிட்) புதுப் பட்டை வாங்கினேன். மாட்டினேன். இரண்டு நொடி எரிந்து அணைந்தது. மறுபடி ஆன், மறுபடி இரண்டு நொடி. பிறகுதான் உறைத்தது: பழையது விளக்குக்கு 3 வோல்ட், நான் வாங்கியது 6 வோல்ட் வகை. போர்டால் அவ்வளவு தள்ள முடியாமல் தற்காப்புக்கு மூடிக்கொள்கிறது. ஆலையில் பதினெட்டு வருடம் மீட்டரைக் கையில் வைத்திருப்பவன் அளக்காமல் வாங்கினேன், இதை யாரிடமும் சொல்லவில்லை. சரியான பட்டை வந்து சேர்வதற்குள் சீசன் தொடங்கிவிட்டது. அக்டோபர் 23 காலை, பாஸ்டன் நியூயார்க்கை அடித்து நொறுக்கிய முதல் ஆட்டத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். பாஸ்டன் 29 மூன்று புள்ளிக் கூடை போட்டு சாதனையைச் சமன் செய்தார்கள், முப்பதாவதுக்கு முயன்று முயன்று கடைசி வரைக்கும் விழவில்லை. அதற்கடுத்து லேக்கர்ஸ் ஆட்டத்தில் லெப்ரானும் அவர் மகனும் ஒன்றாகக் களத்தில் நின்றார்கள், ஐந்து அங்குலத் திரையில் அப்பன் எது மகன் எது என்று தெரியவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் டிவி தயார். வெளிச்ச அளவைப் பாதிக்குக் குறைத்து வைத்தேன், முழுசாக வைத்தால் விளக்கு சீக்கிரம் சாகும். ஒரே குறை, மூடும்போது கவனிக்காமல் ஓர் எறும்பை உள்ளே விட்டுவிட்டேன். இரண்டாம் கால்பகுதியில் அது டென்வரின் இடது மூலையிலிருந்து கிளம்பி, நடுக்கோட்டைத் தாண்டி, மெதுவாக எதிர்க்கூடைக்குப் போயிற்று. துடைத்துப் பார்த்தேன், திரைக்குப் பின்னால் இருக்கிறது, எப்படிப் போகும். மூன்று நாள் கழித்து வலது மூலையில், மூன்று புள்ளிக் கோட்டுக்குப் பக்கத்தில் செத்துப்போனது. இன்றும் அங்கேதான்.

அடுத்த பிரச்சினை இணையம். மாலை மழை, இடி, ரௌட்டர் தானாக அணைந்து எழும். ஃபைபரில் மின்னல் பாயாது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன், ஃபைபருக்குப் பாயாது, சுவரில் செருகிய அடாப்டருக்குப் பாயும். சும்மா அளந்தால் 12 வோல்ட் காட்டியது, ரௌட்டரை மாட்டிக்கொண்டு அளந்தால் ஒன்பதரை. உடைத்துப் பார்த்தால் உள்ளே கப்பாசிட்டர் தலை உப்பியிருந்தது. பழைய பெட்டியில் கிடந்த வேறொரு 12 வோல்ட் அடாப்டர், ஆம்பியர் குறையாமல் பார்த்து, முனையின் பிளஸ் மைனஸ் சரிபார்த்து மாற்றினேன். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

இப்போது பார்க்கிற முறை. லீக் பாஸ் என்கிற என்பிஏவின் இணையச் சந்தாவில் முழு ஆட்டம் பிறகும் கிடைக்கும், சுருக்கிய வடிவமும் உண்டு, புள்ளியை மறைத்து வைக்கிற வசதியும் உண்டு. பத்து நொடி தாவுகிற பொத்தானை வைத்துக்கொண்டு பத்து ஆட்டத்துக்கு நேரம் குறித்தேன், சராசரி ஒரு மணி பத்து நிமிடம். அந்தப் பொத்தானுக்கு ஒரு கை வேண்டும். ஓர் அணி 24 நொடிக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும், அதனால் ஒரு தாவல் அதிகமானால் ஒரு தாக்குதல் பாதி போய்விடும். இந்த 24 நொடி விதி 1954-இல் வந்தது. அதற்கு முன்பு பந்தை வைத்துக்கொண்டே நிற்கலாம், 1950-இல் ஃபோர்ட் வெய்ன் மினியாபொலிஸை 19-க்கு 18 என்று ஜெயித்த ஆட்டமெல்லாம் உண்டு. அந்தக் காலத்தில் இந்தப் பந்தயம் கட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தாவியிருப்பேன்.

70 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 1,435 மணி நேரம், 174 நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு எட்டேகால் மணி நேரம். இந்த எண்ணைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். ஒரு ஷிப்டு. ஓவர்டைம் இல்லாமல், ஞாயிறு இல்லாமல், தைப்பூசம் இல்லாமல், ஆறு மாதம் ஒரு ஷிப்டு. ஆக தவுக்கே மகன் சொன்னது தப்பு: வேலை இல்லாத, அல்லது இதையே வேலையாகக் கொண்ட ஒருவரால் முடியும். எனக்கு ஏற்கெனவே ஒரு ஷிப்டு இருக்கிறது என்பதுதான் என் சிக்கல்.

ஆனாலும் விடவில்லை. இரவு ஷிப்டு வாரம் காலையில் இரண்டு நேரலை, எழுந்து ஒன்று. மதிய ஷிப்டு வாரம்தான் சுகம், எட்டு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் நான்கு ஆட்டம் வரை பார்த்துவிடுவேன். காலை ஷிப்டு வாரம் நரகம், ஏனென்றால் நான் பாய்லர் பக்கம் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடும், அப்புறம் மாலை வரைக்கும் யார் வாயிலிருந்தும் முடிவு காதில் விழாமல் தப்பிக்க வேண்டும். எடைப்பாலத்தில் இருக்கிற பையன் கைத்தொலைபேசியைப் பார்த்து “அடேயப்பா” என்றால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவேன், கடைசியில் அவன் பார்த்தது டிக்டாக்காக இருக்கும்.

பிப்ரவரி 2, ஞாயிறு. சீனப் புத்தாண்டு ஐந்தாம் நாள், ஹார்ட்வேர் கடை மூடியிருந்தது. காலையில் லேக்கர்ஸ் நியூயார்க்கில் ஆடிய ஆட்டத்தைத் தாமதமாக ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன், மூன்றாம் கால்பகுதி. ஒரு மணி தாண்டியதும் தவுக்கே மகனிடமிருந்து போன். “அண்ணே, லூக்கா லேக்கர்ஸ், டேவிஸ் டாலஸ்!” என்று கத்துகிறான். நான் ஆட்டத்தின் முடிவைச் சொல்லிவிட்டான் என்று நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகுதான் புரிந்தது, டாலஸின் லூக்காவையும் லேக்கர்ஸின் டேவிஸையும், ஆளையே மாற்றிக்கொண்டார்கள் என்று. திரையில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டமோ நேற்றைய உலகத்தில் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆட்டத்தை எண்ணலாமா என்று இருவரும் அரை மணி நேரம் வாதாடினோம், எண்ணலாம் என்று விட்டுக்கொடுத்தான்.

ஜனவரியில் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத் தீயால் லேக்கர்ஸ் ஆட்டம் இரண்டும் கிளிப்பர்ஸ் ஆட்டம் ஒன்றும், நியூ ஆர்லியன்ஸில் பனி கொட்டி மில்வாக்கி ஆட்டம் ஒன்றும் தள்ளிப்போயின. தள்ளித்தான் போயின, ரத்தாகவில்லை. கடன் மாதிரி பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஏப்ரலிலும் திரும்பி வந்தன.

ஆலைப் பழக்கத்தில் நான் ஒரு லாக் நோட்டு வைத்திருந்தேன். வரிசை எண், தேதி, அணிகள், முழுசா சுருக்கமா. கடைசிப் பத்தி “ஞாபகம்”. அதில் மறுநாள், எதையும் திரும்பப் பார்க்காமல், அந்த ஆட்டத்தில் மனதில் நின்ற ஒன்றை எழுத வேண்டும். நவம்பரில் இந்தப் பத்தி போதவில்லை, ஓரத்திலெல்லாம் எழுதியிருக்கிறேன்: யார் எந்த மூலையிலிருந்து போட்டான், எந்தப் பயிற்சியாளர் கோட்டைக் கழற்றி எறிந்தார். டிசம்பர் நடுவில் “நல்லா இருந்தது” என்று வருகிறது. ஜனவரியில் கோடு. ஒரே நாளில் மூன்று பார்த்தால் மறுநாள் ஒன்று நிற்கும், மற்ற இரண்டும் கலந்து ஒரே ஆட்டமாகிவிடும், சார்லட்டுக்காக ஆடியவனை நான் போர்ட்லாண்ட் சட்டையில் ஞாபகம் வைத்திருந்தேன். கடிகாரம் ஓடிய 48 நிமிடமும் என் கண் திறந்துதான் இருந்தது, விதிப்படி எல்லாம் செல்லும். நோட்டில்தான் ஒன்றுமில்லை.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. பெரிய ஆட்டக்காரர்களை நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றம்தான், பிலடெல்ஃபியாவின் எம்பீட் அந்த சீசன் முழுக்க ஆடியதே 19 ஆட்டம். ஞாபகப் பத்தியில் அதிகம் எழுதியது தோற்கிற அணிகளைப் பற்றி. யூட்டா 17 வெற்றி, வாஷிங்டன் 18. இந்த இரண்டும் ஆடுகிற ஆட்டத்தை வேறு யார் பார்ப்பார்கள் என்ற பரிதாபத்தில் ஆரம்பித்து, வாஷிங்டனில் ஒவ்வொரு பையனும் எந்தக் கையால் பந்தைத் தட்டுவான் என்பது வரைக்கும் தெரிந்துபோனது.

தைப்பூசம், பிப்ரவரி 11, பத்துமலைக்குப் போனேன். அன்றைய எந்த ஆட்டமும் பார்க்கவில்லை, அப்புறம் எடுக்கவும் தோன்றவில்லை. அங்கிருந்து விழுந்த இடைவெளி அடைபடவே இல்லை. மார்ச்சில் ஆலையில் பழுதுபார்ப்புக்கு நிறுத்தம், தினமும் 12 மணி நேர வேலை, இரண்டு வாரம் போயிற்று.

ஏப்ரல் 13, கடைசி நாள், 30 அணிகளும் ஆடுகிறார்கள். நமக்கு 14, சித்திரைப் புத்தாண்டு. கிழக்கு அணிகள் நம் நேரம் விடியற்காலை ஒரு மணிக்கு, மேற்கு அணிகள் மூன்றரைக்கு. அந்த நேரத்துக்குள் கணக்கு முடிந்துவிட்டது: முழுசாகப் பார்த்தது 486, சுருக்கமாக 398, பார்க்காதது மீதி. தோற்றாயிற்று, டுரியான் என் தலையில். எந்த ஆட்டம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற நிலையில் வாஷிங்டனும் மயாமியும் ஆடியதைப் போட்டேன். நேரலை, ஒரு தாவல்கூட இல்லாமல், விளம்பரத்தோடு. கடைசி நொடியில் கேரிங்டன் எறிந்தான், உள்ளே போனது, வாஷிங்டன் ஒரு புள்ளியில் ஜெயித்தது. முதல் வருடப் பையன், 82 ஆட்டத்திலும் களம் இறங்கியவன். நான் எழுந்து நின்று கத்திவிட்டேன்.

அம்மா எழுந்து வந்துவிட்டார். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய காலத்தில் பெரட்டுக்கு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்த பழக்கம், இப்போதும் நான்கு மணிக்கு முன்பே விழித்துவிடுவார்.

“யாருடா ஜெயிச்சா?”

“வாஷிங்டன்மா.”

“நல்ல டீமா?”

“இல்லம்மா. 64 ஆட்டம் தோத்துட்டாங்க.”

திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அந்த மூலையில என்ன கறுப்பா?” என்று கேட்டார். எறும்பு என்றேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெந்நீர் வைக்கப் போனார், நான் 487 என்று எழுதி, ஞாபகப் பத்தியை நிரப்ப ஆரம்பித்தேன்.